கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர்

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். முதல் பந்திக்கு யார் கூப்பிட்டாலும், "நீங்க சாப்பிடுங்க, எனக்கு இன்னும் பசிக்கலை" என்று சொல்லிவிட்டுப் பந்தலின் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். ரொம்ப நாள் நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அடக்கமாவது ஒன்றாவது! முதல் பந்தியில் எல்லாச் சமையலும் நன்றாகத்தான் இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கி, வாளியில் மாற்றி, திறந்து மூடி, பத்துப் பேர் கை பட்டு, அடியில் மிஞ்சிக் கிடக்கிற கூட்டு கடைசி இலைக்கு எந்த நிலைமையில் வந்து சேருகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. விருந்துக்குப் போன இடத்திலும் மனுஷன் உத்தியோகம்தான் பார்த்திருக்கிறார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மகளைக் கொடுத்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். எங்களுக்கு அவர் சானிட்டரி சார். ஐம்பதுகளின் நடுவிலிருந்து தென்காசி வட்டாரத்தில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தார். ஒடிசலான உடம்பு, கணுக்கால் தெரிகிற கால்சட்டை, செயின் உறை இல்லாத சைக்கிள். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டுகிற அதிகாரியைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியும்; தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் போதும். இவர் திட்ட மாட்டார், கேள்வி கேட்பார். அதுவும் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் அப்போது குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற பாதையில், ஒரு சைவக் கிளப்பில் சூப்பர்வைசர். சாப்பாட்டுக் கடையைக் கிளப் என்றுதான் அந்தக் காலத்தில் சொல்வோம். சூப்பர்வைசர் என்றதும் பெரிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். முதலாளி கல்லாவை விட்டு எழுந்திரிக்க மாட்டார். சமையல்காரர் அடுப்பை விட்டு நகர மாட்டார். இரண்டுக்கும் நடுவில் கிடந்து லோல்படுகிறவனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

சாரல் தொடங்குவதற்கு முன்னால், வைகாசியில், அவர் எங்களுக்கு வகுப்பு வைத்தார். கிளப், பிரியாணிக் கடை, சத்திரம் என்று சீசனுக்குச் சோறு போடுகிற இடம் எதுவானாலும், மேற்பார்வை பார்க்கிற ஆள் ஒருவர் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் சீசன் லைசென்ஸுக்குச் சிபாரிசு கிடையாது என்று சொல்லிவிட்டார். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடம் லீவில் காலியாகக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, மீசை நரைத்த ஆட்களெல்லாம் உட்கார்ந்திருந்தோம்.

எங்களில் மூத்தவர் ஒரு சத்திரத்து மேனேஜர். அவர்தான் முதலில் எழுந்தார். "சார், சமைக்குதவன் சமையக்காரன். அவனைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தாம, எங்களை எதுக்கு இங்கன கொண்டாந்து இப்படி மடக்கி உக்கார வச்சிருக்கிய?"

"அவரு கை அடுப்புல இருக்கு, கண்ணு கொதியில இருக்கு, அண்ணாச்சி. அந்த இடத்துல சும்மா இருக்குத கண்ணு உங்க கண்ணுதான்" என்றார் சார்.

மேசையில் ஒரு பித்தளை டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். இதைக் குடிக்கலாமா என்று கேட்டார். தாராளமாகக் குடிக்கலாம் என்றோம்.

"உங்க கடையில இந்த டம்ளர் எங்க இருந்து மேசைக்கு வரும்?"

"அலமாரியில இருந்து."

"அதுக்கு முன்னால?"

"கழுவுத தொட்டியில."

"அதுக்கு முன்னால?"

"இன்னொருத்தன் வாயில" என்றார் பிரியாணிக் கடை ராவுத்தர். வகுப்பே சிரித்தது.

சாரும் சேர்ந்து சிரித்தார். "சரி, அந்தத் தொட்டித் தண்ணியைக் காலையிலேருந்து மாத்தலைன்னா, அதுல இப்ப எத்தனை பேரு வாய் இருக்கும்?" என்றார். சிரிப்பு நின்றுபோயிற்று. டம்ளரை எடுத்து ஒவ்வொருவரிடமாக நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை. "பயப்படாதீங்க, இது என் வீட்டுல வெந்நீர்ல கழுவிக் கொண்டாந்தது" என்று அவரே மடமடவென்று குடித்தார். ராவுத்தர் என் காதில், "இவருகிட்ட மாட்டுனா ஆதம் நபி காலம் வரைக்கும் போயிட்டுத்தான் வே வரணும்" என்றார்.

அன்று முதல் அவருக்கு 'அதுக்கு முன்னால சார்' என்று பட்டப்பெயர் விழுந்தது. அது அவர் காதுக்கும் போயிருக்கும். அதைப் பற்றியும் ஏதாவது கேள்விதான் கேட்டிருப்பார், யார் முதலில் சொன்னது என்று.

ஒரு தடவை எங்கள் கிளப்புக்கு விடிகாலையில் வந்தார். முதலாளியிடம் ஏதோ சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, மேசை துடைக்கிற துணியை எடுத்து அதில் மஞ்சள்பொடியைத் தேய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குத் தெரியாது. கூட்டம் கலைந்த பிறகு, மத்தியானத்துக்கு மேல் வந்தார். "கொஞ்சம் எங்கூட வாங்க. இந்தத் துணி இன்னைக்கு எங்கெல்லாம் போயிட்டு வந்திருக்குன்னு பாப்போம்" என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால், மேசையில் மஞ்சள் இருந்தது, அது இருக்க வேண்டியதுதான். பரிமாறுகிறவன் தோளில் இருந்தது. டம்ளர் விளிம்பில், உப்புக் கிண்ணத்தில், இட்லித் தட்டை இறக்குகிற இடத்தில், தயிர்ப் பானையின் மூடியில் எல்லாம் இருந்தது. கல்லாவில் இருந்தது. முதலாளியின் நெற்றியில் விபூதிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு இருந்தது. கடைசியில் அவர் என்னையே உற்றுப் பார்த்தார். மீசையைத் தடவிப் பார்த்தேன், விரலில் மஞ்சள்.

"மஞ்சள்ங்கதுனால கண்ணுக்குத் தெரியுது. மத்ததுக்கு இந்த மாதிரி நிறம் கிடையாதுல்லா" என்றார். அன்றைக்கே நான் மேசைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று துணியைப் பிரித்தேன். முதலாளி துணிச் செலவுக்கு முனகினார். நெற்றியைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னதும் அடங்கிவிட்டார்.

ஆனால் அவரையும் திணற அடித்த விஷயம் ஒன்று உண்டு. அது குற்றாலத்துத் தண்ணீர்.

சீசனில் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார். நாங்களும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக அண்டா அண்டாவாகக் காய்ச்சினோம். சோதனைக்கு வந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார். அண்டாவின் மேல் புறங்கையை வைத்தார்.

"எப்பக் காய்ச்சினது?"

"இப்பத்தான் சார், கொதிக்கக் கொதிக்க இறக்கினோம்."

"இப்ப இறக்கினது இப்படிச் சில்லுன்னு இருக்கே, எப்படி?"

நான் பெருமையாகவே சொன்னேன். "பாதி அண்டா காய்ச்சினது, மீதிக்கு அருவித் தண்ணி ஊத்தி ஆத்திட்டோம். ஆறுனதுக்கு ஆறுனதும் ஆச்சு, மூலிகைச் சத்துக்குச் சத்தும் ஆச்சு."

அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது புரியவில்லை. நாங்கள் யாரும் ஏமாற்றவில்லை. அருவித் தண்ணீர் மலையில் ஆயிரம் பச்சிலைகளைத் தொட்டுக்கொண்டு வருகிறது, அதில் கெடுதல் இருக்க முடியாது என்பது எங்களுக்கு வெயில் சுடும் என்பது மாதிரி. வருகிறவர்களும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். சத்திரத்து மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போய், காய்ச்சின தண்ணீரால் அருவித் தண்ணீரின் குணம் குறைந்துவிடுமோ என்று கவலைப்பட்டுக் காய்ச்சுகிற பங்கைக் குறைத்திருந்தார்.

சார் எங்களைக் கண்டிக்கவில்லை. "இந்தத் தண்ணி பேரருவியில விழுது. அதுக்கு முன்னால எங்க இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்றார். கூட்டம் இல்லாத ஒரு நாளில் நான், ராவுத்தர், மேனேஜர் மூன்று பேரும் அவரோடு மலையேறினோம். மேனேஜருக்குத் தொந்தி. பாறைக்குப் பாறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சார் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர் மாதிரி உற்சாகமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு செடியாகப் பறித்து முகர்ந்து, இது என்ன, அது என்ன என்று எங்களைக் கேட்டார். எங்களுக்குத் துளசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் பச்சிலை என்று பேசினவர்கள் நாங்கள்தான்.

செண்பகாதேவி அருவிக்குக் கீழே ஓடையில் ஒரு குடும்பம் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேலே ஒரு அம்மாள் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்கும் மேலே நாலைந்து பேர் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பானையை ஓடையிலேயே மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குரங்குகள் இலையை இழுத்துத் தண்ணீரில் போட்டன.

மேனேஜர் விடவில்லை. "சார், ஓடுத தண்ணிக்குத் தோஷம் கிடையாது."

"சரிதான் அண்ணாச்சி. ஓடிக்கிட்டே இருந்தா தோஷம் இல்லை. நீங்க அதைப் பிடிச்சு அண்டாவுல போட்டு மூடிட்டியளே?"

மேனேஜர் கொஞ்ச நேரம் அந்தப் பானை தேய்க்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குளிக்கலாம்லா?" என்று பாவமாகக் கேட்டார். "தாராளமா" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிப் பாறை மேல் வைத்து, முதலில் போய் அருவிக்குள் நின்றவர் சார்தான். அரை மணி நேரம் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு தென்காசிக்குப் போனால் அவர் வீட்டுக்கும் போவேன். வீட்டில் அவர் மனைவியும் ஒரே மகளும். அந்த அம்மாளுக்கு இவருடைய குணத்தில் சலிப்பு உண்டு. "இவுக கேக்குத கேள்விக்குப் பயந்து ஒரு மனுஷி பலகாரம் குடுத்துவிட மாட்டேங்கா" என்பார். மகளுக்கு அது விளையாட்டு. அப்பா பக்கத்தில் இருக்கும்போது எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாலு காலையில கறந்தது, பொங்கவிட்டு இறக்கினது, டம்ளர் வெந்நீர்ல கழுவினது, கொண்டாந்தவ கையும் கழுவியாச்சு. தைரியமாக் குடிங்க மாமா" என்று ஒப்பிப்பாள். சார் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு வீரகேரளம்புதூர்ப் பக்கம், நிலபுலன் உள்ள பெரிய குடும்பம். ஆவணியில் முகூர்த்தம். சாரல் இன்னும் மிச்சம் இருந்ததால், மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டபடி குற்றாலத்தில் நம் மேனேஜரின் சத்திரத்திலேயே கல்யாணத்தை வைத்தார்கள். சமையல் மேற்பார்வைக்கு என்னைக் கூப்பிட்டார் சார்.

"நீங்க பாத்துக்கிடுங்க. அந்த ரெண்டு நாளும் நான் அடுப்புப் பக்கமே வரமாட்டேன். எம் மகளுக்கு அப்பாவா மட்டும் நிக்கப் போறேன்" என்றார். எனக்கு அதில் பெருமைதான். வகுப்பில் படித்ததை அவர் வீட்டு விசேஷத்திலேயே நடத்திக் காட்டலாமே.

கல்யாணத்தன்று ஒரு குறையும் இல்லை. மறுநாள்தான் மறுவீட்டு விருந்து. திருநெல்வேலிப் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதி. தேங்காய்ப் பாலில் காய்கறி வேகவைத்துச் செய்வது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதையே அதில்தான் இருக்கிறது. எத்தனை வகை வைத்தாலும் சொதி இல்லாவிட்டால் அது மறுவீடு இல்லை. அதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேகும். கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். இறக்கியதைத் திரும்பச் சூடு பண்ணவும் முடியாது. ஆகவே இறக்கினோமா, இலையில் போட்டோமா என்று இருக்க வேண்டும். நான் தவசுப்பிள்ளையிடம், அதாவது தலைமைச் சமையல்காரரிடம், மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்த பிறகு முதல் பால் ஊற்றினால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஒரு ஆள் சைக்கிளில் வந்து, "எல்லாரும் புறப்பட்டாச்சு, இந்தா வந்துட்டாவ" என்று சமையல்கட்டில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனான். நான் அப்போது முன்பக்கம் இலை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய குடும்பம், வந்ததும் காக்கவைக்கக் கூடாது என்று தவசுப்பிள்ளை முதல் பாலை ஊற்றி இறக்கிவிட்டார்.

ஐந்தருவியிலிருந்து வருகிற வழியில் பேரருவி இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. சாரலில் நனைந்துகொண்டு வருகிறவன் அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுச் சும்மா தாண்டிப் போவானா? மாப்பிள்ளையின் மாமாமார் இறங்கிவிட்டார்கள். ஆண்கள் இறங்கியதும் பெண்களும் இறங்கினார்கள். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் குளியல், கூட்டத்தில் முறை வரக் காத்திருப்பு. அவர்கள் சத்திரத்துக்கு வந்து சேரும்போது பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. பசி அகோரம். வந்தவர்கள் நேராகப் போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

சொதி அண்டாவில் கையை வைத்தேன். சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. குளிப்பாட்டுகிற வெந்நீர் மாதிரி இருந்தது. இந்த இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும் என்று எத்தனையோ வகுப்பில் அவர் பயமுறுத்திச் சொன்ன சூடு அதுதான். தவசுப்பிள்ளை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டு, "தேன் மாதிரி இருக்கு வே, எடுத்துட்டுப் போங்க" என்றார். நாக்குக்கு இது தெரியாது என்றும் சார் சொல்லிக்கொடுத்திருந்தார். நேரே வாசலுக்குப் போனேன்.

சார் பட்டு வேட்டியோடு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. திரும்பி நடந்தேன். சமையல்கட்டு வாசலை எட்டும்போது பின்னால் காலடிச் சத்தம். சார்தான். விரலில் சந்தனம் அப்படியே இருந்தது.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தவசுப்பிள்ளை குறுக்கே வந்தார். "சார், ஒண்ணும் ஆகாது. இஞ்சித் துவையல் அரைச்சு வச்சிருக்கேன், என்னத்தையும் செரிக்க வச்சிரும்." பின்னாலேயே சாரின் மனைவியும் வந்துவிட்டார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்டாவையும் புருஷனையும் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"இந்தா பாருங்க. ஒரே ஒரு நாளைக்கு இன்ஸ்பெக்டரா இருக்காதிய. அவ வாழப் போற வீடு. சொதி போடாம மறுவீடு நடத்துனா, அந்த வீட்டுல அவ சாகுத வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் சார்.

"கெட்டுப்போச்சுன்னு உறுதியாத் தெரியுமா?"

"அது தெரியாது."

"தெரியாதுல்லா? பொறவு என்ன?"

கூடத்திலிருந்து, தண்ணீர் வைக்கிறதும் சிரிக்கிறதுமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சார் ஒரு டம்ளரை எடுத்து அண்டாவுக்குள் விட்டு மொண்டார். முகர்ந்து பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நின்ற நிலையிலேயே முழுதும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், "கொட்டிருங்க. சாம்பாரும் ரசமும் நல்லாக் கொதிக்க வச்சு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சம்பந்தியிடம் அவர் பொய் சொல்லவில்லை. சொதி சிந்திவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவர் கைகட்டி நின்று, "சொதி இறக்கி ரொம்ப நேரமாச்சு. நல்லாருக்கா இல்லையான்னு எனக்கே நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாததை உங்க இலையில போட மாட்டேன். கொட்டச் சொல்லிட்டேன், மன்னிக்கணும்" என்றார்.

சம்பந்தி இலையைப் பார்த்தபடியே சொன்னார். "எங்களுக்குப் போட உங்களுக்கு மனசு இல்லைன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். மற்றவர்கள் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த பெண், கடைசி வரை தலையைத் தூக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த எனக்குத்தான் அந்தக் கூடத்தை விட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

சார் ஒரு டம்ளர் குடித்த கதை மேனேஜர் வாய் வழியாக ராத்திரிக்குள் இரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? ஒரு மனுஷனுக்கு வயிற்றுக்கு ஆகாமல் போக வேண்டுமே என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆகாமல் போனால் சார் செய்தது சரி, சம்பந்தியின் கோபம் ஆறும், பெண்ணுக்கும் பேச்சு இல்லை. அவர் மனைவியே சாமிக்கு வேண்டிக்கொண்டாராம், இரண்டு விதமாகவும். என்னைக் கேட்டால், ஒரு சின்ன வயிற்றுவலியாவது வந்தால் தேவலை என்றுதான் நானும் நினைத்தேன்.

காலையில் தென்காசிக்கு ஓடினேன். வாசலிலேயே அந்த அம்மாள், "நல்லாத்தான் இருக்காவ, போய்ப் பாருங்க" என்றார். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா குறையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சார் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகலை" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"அப்ப அது நல்ல சொதிதான் சார்."

"நான் குடிச்ச டம்ளர் நல்ல டம்ளர். மத்ததைப் பத்தி எனக்கு இன்னும் தெரியாது" என்றார். கொஞ்சம் கழித்து, "இனிமேத் தெரியவும் தெரியாது" என்றார். எல்லாவற்றுக்கும் பூர்வீகம் தேடுகிற மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும்.

வாசலில் கார் வந்து நின்றது. வீரகேரளம்புதூருக்குப் போகிற வழியில் மகள் சொல்லிக்கொண்டு போக இறங்கினாள். மாமனாரும் மாமியாரும் காரிலேயே இருந்துகொண்டார்கள், வீட்டுக்குள் வரவில்லை. எல்லாரும் பார்க்க ஏற்பட்ட தலைகுனிவைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"குடிச்சியளாமே அப்பா?"

"ஒரு டம்ளர்தாம்மா."

"எங்க மாமனாரு வயித்துக்கு ஆகாது, ஊருல எவன் வயித்துக்கும் ஆகாதுன்னுதானே கொட்டச் சொன்னிய? உங்க வயிறு மட்டும் வயிறு இல்லையா?"

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துபோய் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ராத்திரியெல்லாம் அவள் தூங்கவில்லையாம். அவரால் தலைகுனிந்தவள் அவள்தான். அவருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்தவளும் எங்கள் எல்லாரிலும் அவள் ஒருத்திதான். காரில் ஹாரன் அடித்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் அவள் கையை விடவில்லை. இரண்டாவது தடவை ஹாரன் அடித்த பிறகும் விடவில்லை.